சத்தம் வருவது எப்போது?

நம் இதழில் வழக்கமாகக் கோயில், குடும்பம், பிள்ளைகள் படிப்பு என்றுதான் கட்டுரைகள் வரும். நடுவில் ஒருவன் கிளட்சையும் கியர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் காட்டாக்கடையிலும் நெய்யாற்றின்கரையிலும் பாறசாலையிலும் குடியிருக்கும் நம்மவர்களில் இன்று கார் இல்லாத வீடு குறைவு. மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம், நாகர்கோவிலில் ஒரு பால்காய்ச்சு, குழித்துறையில் ஒரு துட்டி என்றால் தாத்தா பாட்டியிலிருந்து கைக்குழந்தை வரை ஏறிப் போவது அந்த வண்டியில்தான். அந்த வண்டி போடும் சத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. 36 ஆண்டுகள் ரயில்வேயில் பெட்டி, வேகன் பராமரிப்பில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

வண்டியில் என்ன கெட்டது என்று கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை. சத்தம் எப்போது வருகிறது என்று சொல்வது நம்முடைய வேலை. நம் வேலையை நாம் செய்வதில்லை. "சவுண்ட் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

என் வீட்டிலேயே நடந்தது. போன வருடம் மாப்பிள்ளையின் காரில் ஓர் இரைச்சல். நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டார். கியர் பெட்டி பேரிங் போய்விட்டது என்றார்கள். ஐந்து நாள் வண்டி அங்கே கிடந்தது. பெட்டியை இறக்கி, பிரித்து, பேரிங் மாற்றி, கூடவே கிளட்ச் பிளேட்டும் புதிதாகப் போட்டு 38 ஆயிரம் ரூபாய் பில். வீட்டுக்கு வந்த மறுநாள் அதே இரைச்சல். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. அந்த மாதம் பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் வேறு கட்ட வேண்டியிருந்தது.

"மாமா, நீங்க ஒரு தடவை வந்து உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். முதல் காரியமாகப் பாட்டை நிறுத்தச் சொன்னேன். பிறகு ஏசியை. பிறகு நான்கு கண்ணாடியையும் இறக்கச் சொன்னேன். அப்போதுதான் வண்டியின் சத்தமே கேட்டது. பின்சீட்டில் இருந்த மகள், "அப்பா, கிரைண்டர்ல அரிசி போடாம வெறும் கல்லு சுத்தினா வருமே, அது மாதிரி இல்ல?" என்றாள். ஐந்து நாள் வண்டியை வைத்திருந்தவர்கள் யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், காலியான சாலையில், "மாப்பிள்ளை, கிளட்ச மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டு வாங்க" என்றேன். எஞ்சின் அடங்கியது. இரைச்சல் அடங்கவில்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை, கிளட்ச் இல்லை, கியர் பெட்டியில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் தண்டும் இல்லை. வண்டி ஓடும் வரை சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. அடுத்து ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் ஒடிக்கச் சொன்னேன். இரைச்சல் கூடியது. வலப்பக்கம் ஒடித்தபோது குறைந்தது. இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும். பாரம் கூடும்போது கத்துகிறது என்றால் அந்தப் பக்கத்துச் சக்கர பேரிங்தான். காட்டாக்கடையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பையன் முன்சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கை மாற்றி, கூலியும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் வாங்கினான். இரைச்சல் நின்றது. 38 ஆயிரம் திரும்பி வரவில்லை.

இதில் என் மூளை ஒன்றும் இல்லை. ரயில்வேயில் கற்ற பழக்கம். 1984-ல் நாகர்கோவிலில் டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தபோது, எனக்கு முதலில் தந்த பாடம், வருகிற வண்டியின் அருகே நின்று கேட்பது. ரோலிங் இன் எக்ஸாமினேஷன் என்பார்கள். வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது இருபுறமும் ஆட்கள் நின்று, ஒவ்வொரு பெட்டியின் அடிப்பாகத்தையும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, மூக்கால் மோந்து அனுப்ப வேண்டும். என்னோடு ஒரு வயதான பிட்டர் இருந்தார். கண்ணை மூடிக்கொள்வார். வண்டி நின்றதும், "ஏழாவது பெட்டி, பின் டிராலி, நம்ம பக்கம்" என்பார். போய்ப் பார்த்தால் சக்கரத்தின் வட்டத்தில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். பயணிப் பெட்டியின் சக்கரத்தில் அந்தத் தட்டை 50 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, சரக்கு வேகனில் 60 என்பது விதி. அவர் அளந்து பார்க்குமுன்பே சொல்லிவிடுவார்.

"எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எண்ணிப் பாரு மக்களே" என்றார்.

அவர் சொன்னதன் கணக்கைப் பிறகு நானே போட்டுப் பார்த்தேன். ஐ.சி.எப். பெட்டியின் புதுச் சக்கரம் 915 மில்லிமீட்டர் விட்டம். ஒரு சுற்றுக்கு 2.87 மீட்டர் போகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் உள்ளே வரும் வண்டியில் அது நொடிக்கு ஏறத்தாழ இரண்டு சுற்று. தட்டைச் சக்கரம் அந்தக் கணக்கில் "டொக் டொக்" என்று அடிக்கும். தண்டவாள இணைப்பின் தட்டல் வேறு கணக்கு. தொங்கும் கம்பி உரசுவதற்குக் கணக்கே கிடையாது. சத்தம் யாருடைய கணக்கில் வருகிறது என்று தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

காரிலும் அதேதான். சிறிய காரின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.8 மீட்டர் போகும். 18 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நம் காட்டாக்கடைச் சந்தை நெரிசலில் போகும் வேகத்தில், நொடிக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவு. விரலால் தட்டி எண்ணிவிடலாம். எஞ்சின் சும்மா ஓடும்போதே நிமிடத்துக்கு 800 சுற்று, நொடிக்குப் பதின்மூன்று. எண்ண முடியாது, "கிர்ர்" என்று ஒரே இழையாகத்தான் கேட்கும். ஆகவே சத்தம் சக்கரத்தின் கணக்கிலா, எஞ்சினின் கணக்கிலா என்று பார்ப்பது முதல் கேள்வி. வண்டி நிற்கும்போதும் வருகிறதா என்பதும் அதே கேள்வியின் இன்னொரு முகம்.

நிற்கும்போது வருகிறது என்றால் கிளட்ச் மிதியைப் பயன்படுத்துங்கள். நியூட்ரலில், கால் எடுத்த நிலையில், கியர் பெட்டியின் முதல் தண்டு எஞ்சினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். மிதியை முழுதும் அழுத்தினால் எஞ்சினுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு அறுந்து அது நின்றுவிடும். கால் எடுத்தால் "கரகர", மிதித்தால் அமைதி என்றால், சந்தேகம் கியர் பெட்டியின் முதல் தண்டு பேரிங் மேல். (டீசல் வண்டிகள் சிலவற்றில் இந்தக் கரகரப்பு இலேசாக எப்போதும் இருக்கும். நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.) இதற்கு நேர்மாறாக, கால் எடுத்தால் அமைதி, மிதித்தால் "கீய்ங்" என்றால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதியை அழுத்தும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளிக்கொண்டு சுற்றும் பேரிங் அது. இதைச் சோதிக்க ஒரு ஸ்பேனர்கூட வேண்டாம். இடது கால் ஒன்று போதும்.

இந்த ரிலீஸ் பேரிங் நம் பக்கத்தில் சீக்கிரம் போவதற்குக் காரணம் உண்டு. காட்டாக்கடையிலிருந்து வெள்ளறடை, பனச்சமூடு வழி போகிறவர்களுக்குத் தெரியும், ரப்பர் தோட்டங்களுக்கிடையே ஏறி இறங்கி வளையாத பாதை அரை கிலோமீட்டர் கிடையாது. வீடுகளும் மேட்டில். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை செங்குத்து. அதில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கேட்டைத் திறக்கும் பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேசுவோம். சாலையில் போகும்போதும் இடது கால் மிதிமேலேயே ஓய்வெடுக்கும். நானும் செய்திருக்கிறேன்.

பழைய அம்பாசடர் காலத்தில் இந்தப் பிரச்சினைகள் வேறு இடத்தில் இருந்தன. எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்துக்கு. நடுவே வண்டியின் வயிற்றுக்கடியில் நீளமான புரொபெல்லர் ஷாஃப்ட், அதன் முனைகளில் கிராஸ் ஜாயின்ட், பின்னால் கிரவுன் பினியன். கிளட்சை விட்டதும் "ணங்" என்றால் கிராஸ். ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒரு ஸ்வரம், காலை எடுத்தால் வேறு ஸ்வரம் என்றால் கிரவுன் பினியன். அந்த வண்டியில் ஏசியும் இல்லை, பாட்டும் இல்லை. ஆகவே எல்லாருக்கும் காது இருந்தது! 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. எல்லாம் முன்பக்கம் போய்விட்டது. முன்சக்கரமே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்பதால் இருபுறமும் ஆக்ஸிலில் சி.வி. ஜாயின்ட். அம்பாசடரும் 800-ம் 2014-ல் உற்பத்தி நின்று போயின. ஆனால் இன்று நம் வீடுகளில் நிற்கும் சிறிய கார்களில் பெரும்பாலானவை அந்த 800 காட்டிய வழியில் முன்சக்கர ஓட்டம்தான்.

இந்த சி.வி. ஜாயின்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் உள்ளே எஃகு உருண்டைகள், சுற்றிலும் கிரீஸ், மேலே கருப்பு ரப்பர் பூட். அந்த ரப்பர் கிழிந்தால் கிரீஸ் சுழற்றியடிக்கப்பட்டு வெளியே போகும். நம் பக்கத்து மழையில் சேறும் மணலும் உள்ளே போகும். அதற்குப் பிறகு முழுதாக ஒடித்துத் திரும்பும்போது "டக் டக் டக் டக்" என்று சொல்லும். நேராகப் போகும்போது சொல்லாது. இது சக்கரத்தின் கணக்கு, ஆனால் திரும்பும்போது மட்டும் வரும் கணக்கு. ரப்பர் கிழிந்ததுமே கண்டால் ரப்பரும் கிரீஸும் மாற்றினால் போதும். டக் டக் வந்துவிட்டால் ஜாயின்ட் அல்லது முழு ஆக்ஸில்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். வீட்டிலிருந்து இறங்கிச் சாலையில் திரும்பும்போதெல்லாம் அவர்கள் வண்டி டக் டக் என்று சொல்லும். நான் என் திண்ணையிலிருந்து கேட்பேன். இரண்டு முறை சொன்னேன். "ஓடுதுல்ல அண்ணாச்சி, ஓணம் கழியட்டும்" என்றார். ஒருநாள் மாலை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு தன் வீட்டு ஏற்றத்தில் ஏறும்போது ஜாயின்ட் உடைந்துவிட்டது. ஒரு பக்கம் உடைந்தால் போதும், டிபரன்ஷியல் தன் சக்தியையெல்லாம் உடைந்த பக்கம் வீணாகச் சுற்றவிட்டுவிடும். மற்றச் சக்கரத்துக்கும் இழுப்பு கிடையாது. எஞ்சின் கத்தியது, வண்டி பின்னால் உருண்டது. அவர் பிரேக்கை மிதித்ததால் நின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஜாயின்ட் உடைந்த வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. கியருக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லையே! அவர் பதற்றத்தில் பிரேக்கை விட்டு இறங்கி, கியரில் இருக்கிறது என்ற தைரியத்தில் பின்கதவைத் திறக்கப் போனார். வண்டி மறுபடி உருண்டு, கீழே ஒரு ரப்பர் மரத்தில் இடித்து நின்றது. பிள்ளைகள் உள்ளே. ஒருவருக்கும் காயம் இல்லை. அந்த மரத்தில் தோல் உரிந்த அடையாளம் இன்றும் இருக்கிறது. நான் மூன்றாவது முறை சொல்லாதது இன்னும் மனதை உறுத்துகிறது.

எல்லாச் சத்தமும் நோய் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரிவர்ஸில் "ஊய்ங்" என்று ஊளையிடுகிறது என்று பயந்து ஒரு அம்மா போன் செய்தார். மற்ற கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டியவை. ஒரு பல் விடுமுன் அடுத்த பல் பிடித்துக்கொள்வதால் மெதுவாக ஓடும். ரிவர்ஸ் கியருக்குப் பல வண்டிகளில் நேராக வெட்டிய பல். ஒவ்வொரு பல்லும் மொத்தமாக மோதும், அதனால் ஊளை. அது அதன் பிறவிக் குணம். ஆனால் மூன்றாவது போடும்போது "கர்ர்" என்று கடித்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் முழுதாக விடுபடாமல் இருக்கலாம். கியர் எண்ணெயையும் கேளுங்கள். எஞ்சின் ஆயில் மாற்றும் நாம் கியர் ஆயிலை மறந்தே போகிறோம். விலை உயர்ந்ததுதானே என்று ஜி.எல்.-4 கேட்கும் பெட்டியில் ஜி.எல்.-5 ஊற்றுகிறவர்களும் உண்டு. அதில் உள்ள சில கந்தகச் சேர்மானங்கள் பித்தளை வளையத்தை அரிக்கக்கூடும். கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான்.

மெக்கானிக்குகள் மீது மட்டும் பழி போடுவது நியாயம் இல்லை. ஒரு நாளில் பத்து வண்டி பார்க்கிறவனிடம் "சவுண்ட்" என்ற ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு வந்தால் அவன் என்ன செய்வான்? கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பான். அது சென்சார் உள்ள உறுப்புகளைப் பற்றித்தான் பேசும். சாதாரண கியர் பெட்டியின் பேரிங்குக்குச் சென்சார் ஏது? "குறை ஒன்றும் இல்லை" என்று காட்டும். பிறகு பிரித்துப் பார்ப்பதுதான் வழி. ரயில் எஞ்சின் ஓட்டுநர் பழுதுப் புத்தகத்தில் "சத்தம் வருகிறது" என்று மட்டும் எழுதினால் ஷெட்டில் திட்டுவார்கள். எந்த வேகத்தில், எந்த நாட்சில், ஏற்றத்திலா இறக்கத்திலா, எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். இன்று ரயில்வே பாதையோரம் மைக்ரோபோன் வைத்து, ஓடும் வண்டியின் பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. என் பழைய பிட்டர் செய்த அதே வேலை! அதற்கு எந்திரம் வாங்கத் துணிந்தவர்கள் முட்டாள்கள் அல்ல.

மெக்கானிக்கும் ஒன்று செய்ய வேண்டும். பெட்டியைப் பிரிக்குமுன் பத்து நிமிடம் உங்களோடு வண்டியில் உட்கார வேண்டும். அதற்குச் சம்மதிக்காத இடத்தில் பெட்டியைப் பிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன். மாற்றிய பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கையில் சுற்றினால் மணல் அரைப்பது போலிருந்தால் குற்றவாளி அதுதான். வெண்ணெயாகச் சுற்றினால் பணம் போச்சு.

நம்மவர்களுக்கு மொழி ஒரு சங்கடம் என்று சிலர் சொல்கிறார்கள். சத்தத்தைச் சொல்ல நமக்குள்ள சொற்கள் வேறு யாருக்கு உண்டு? கடகட, கரகர, லொடலொட, கிறீச், ணங், டொக். எந்த மலையாளி மெக்கானிக்குக்கும் இது மொழிபெயர்க்காமல் புரியும். அவன் "மூளுந்நு" என்றால் இரைகிறது, ரீங்கரிக்கிறது என்று நமக்கும் விளங்கும். நாகர்கோவில் வண்டிக்கு டி.என். 74, காட்டாக்கடை வண்டிக்கு கே.எல். 74. நம்பரில்கூட பாதி ஒற்றுமை இருக்கும்போது சத்தத்தில் என்ன வேற்றுமை? ஆங்கிலத்தில் "நாய்ஸ்" என்று சொல்லத்தான் நாம் மெனக்கெடுகிறோம்.

இனி எல்லாம் ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் ஆகிவிடும், இதெல்லாம் எதற்கு என்று என் மகன் கேட்கிறான். 2014-ல் செலரியோவோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வண்டிகளில் இருப்பது அதே கிளட்ச், அதே கியர் பெட்டி. நம் கால் செய்ததை ஒரு மோட்டார் செய்கிறது, அவ்வளவே. எலெக்ட்ரிக் வண்டியிலும் சக்கர பேரிங் உண்டு, சி.வி. ஜாயின்ட் உண்டு. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் இன்னும் நன்றாகவே கேட்கும், பாட்டை நிறுத்தினால்.

நானும் ஏமாந்திருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. என் சொந்த வண்டியில் ஒரு "கிணிங்". வளைவில் வரும், நேரில் வராது. சி.வி. ஜாயின்ட் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் என் மனைவி பின்சீட்டுக்கடியிலிருந்து தூக்குவாளி மூடியை எடுத்துத் தந்தாள். சக்கரத்தின் கணக்கில் வருகிறதா என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஊருக்கு உபதேசம்!

அன்றிலிருந்து மகளின் வண்டி டாஷ்போர்டில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கிறது. தேதி, வேகம், மிதித்தா விட்டா, நேரா வளைவா, என்ன சத்தம் என்று அவள் எழுதுகிறாள். எங்கள் வீட்டுச் சாலையில் இருபுறமும் உயரமான மதில் உண்டு. கண்ணாடியை இறக்கி முப்பது கிலோமீட்டரில் மதிலை ஒட்டிப் போனால், சக்கரத்தின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். ரயிலில் பிளாட்பாரச் சுவரோரம் கேட்ட மாதிரியே. போன வாரம் அவள் எழுதியது: "40-க்கு மேல், மழை பெய்த காலையில் மட்டும், இடப்பக்கம், பூனை முனகுவது போல். பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது." எனக்கு இது இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மழை இருந்தால் மதிலோரம் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.